ஆலை மூடிய ஊருக்கு இலுப்பைப்பூ

மும்பை, தில்லி, பெங்களூரு, பனாஜி ஆகிய நகரங்களின் புதிய உணவகப் பட்டியல்களில் அடிக்கடி கண்ணில் படும் ஓர் ஆங்கிலச் சொல் 'ஃபோரேஜ்ட்'. காட்டுக் காளானுக்கு முன்னும், மூங்கில் குருத்துக்கு முன்னும், பெயர் சொல்லப்படாத ஏதோ ஒரு கீரைக்கு முன்னும் அது அடைமொழியாக நிற்கிறது. தமிழில் சொன்னால் 'காட்டில் தேடிச் சேகரிக்கப்பட்ட'. இலக்கணக் கண்ணால் பார்த்தால் அது ஒரு செயப்பாட்டு எச்சம். செயல் அதில் இருக்கிறது. செயப்படுபொருள் தட்டில் இருக்கிறது. தேடியவர், குனிந்து பறித்தவர், கூடையில் சுமந்து வந்தவர் மட்டும் இல்லை. எழுவாயை விட்டுவிட்டாலும் தொடர் பிழையாகாது என்பதே செயப்பாட்டு வினை தரும் வசதி. அந்த வசதியின் மேல் ஒரு தொழில் நடந்துகொண்டிருக்கிறது என்பதும், அதற்குச் சொல் எடுத்துக்கொடுத்தவர்களில் கல்விப்புலத்தாருக்குக் கணிசமான பங்கு உண்டு என்பதும் இங்கே முன்வைக்கப்படும் குற்றச்சாட்டு.

குற்றச்சாட்டுக்கு உள்ளாகும் உணவகம் எப்படிப்பட்டது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். மேசைமேல் விரிப்பு இராது. சுவரின் பூச்சை உரித்துச் செங்கல்லைக் காட்டியிருப்பார்கள். ஜீன்ஸ் அணிந்து வரலாம்; யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். பரிமாறுபவர் வந்து, இதற்கு முன் இங்கே வந்ததுண்டா என்று விசாரித்துவிட்டு முறையை விளக்குவார்: தட்டுகள் சிறியவை, பகிர்ந்து உண்பதற்கானவை, ஆளுக்கு இரண்டு மூன்று என்று கணக்கிட்டுச் சொல்லலாம், சமையலறையில் எது முதலில் தயாராகிறதோ அது முதலில் வரும். பட்டியல் ஒரே தாளில் அடங்கும். பருவத்துக்குப் பருவம் மாறும். கடைசியாகச் சொன்னதுதான் அந்த இடத்தின் பெருமை. ஸ்பெயினின் தாப்பாஸ் பழக்கத்திலிருந்து தட்டின் அளவையும், 1971இல் ஆலிஸ் வாட்டர்ஸ் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் தொடங்கிய 'ஷே பனீஸ்' உணவகத்திலிருந்து பருவப் பற்றையும், 1989இல் பாரிஸில் பன்னாட்டு இயக்கமாக உருவெடுத்த 'ஸ்லோ ஃபுட்' அமைப்பிடமிருந்து அறச்சொற்களையும் வாங்கிக்கொண்டு வளர்ந்த வடிவம் இது.

இந்த வடிவம் செய்த நன்மையை மறைத்துவிட்டு வாதாடுவது முறையன்று. நெடுங்காலம் இந்தியாவின் நட்சத்திர விடுதிகளில் தரம் என்றால் நார்வே சால்மன், இறக்குமதியான ஆஸ்பராகஸ் என்றே பொருள். சுரைக்காயும் தண்டுக்கீரையும் தாமரைக் கிழங்கும் வீட்டுச் சமையலறையைத் தாண்டி வரத் தகுதியற்றவையாக இருந்தன. மும்பையின் லோயர் பரேலில், கமலா மில்ஸ் வளாகத்தில், 2015இல் ஃபிளாய்ட் கார்டோஸின் வழிகாட்டுதலோடு 'தி பாம்பே கேண்டீன்' தொடங்கியபோது அந்த ஏளனத்துக்கு ஒரு பதில் கிடைத்தது. உள்ளூர்க் காய்களைப் பருவமறிந்து சமைப்பது பெருமைக்குரிய செயல் என்று ஒரு தலைமுறைச் சமையல் கலைஞர்கள் நம்பத் தொடங்கினார்கள். அந்த நம்பிக்கை பொய்யன்று. அதை எழுதிவைக்கும் மொழியில்தான் கோளாறு இருக்கிறது.

லோயர் பரேல் என்ற இடப்பெயரே இந்த வாதத்துக்கு ஓர் ஆவணம். 1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கிய பகுதி அது. ஆலைகள் மீளவில்லை. அதே தெருக்களில் தொழிலாளர்களுக்குச் சோறிட்டவர்கள் 'கானாவள்' நடத்திய பெண்கள். தம் ஒற்றை அறை வீட்டில் பத்துப் பதினைந்து பேருக்குச் சமைத்து மாதக் கணக்கில் பணம் வாங்கியவர்கள். வட்டிக்காரர்களிடமிருந்து அவர்களை விடுவிக்க 1975இல் பிரேமா புராவ் 'அன்னபூர்ணா மகிளா மண்டல்' தொடங்கினார். இன்றைய ஆலை வளாக உணவகங்களின் சுவர்களில் பழைய இயந்திரப் பாகங்களையும் கறுப்பு வெள்ளைப் படங்களையும் காணலாம். புகைபோக்கி 'பாரம்பரியம்' ஆகிவிட்டது. கானாவள் பெண்களின் பருப்புக் குழம்பு பட்டியலில் ஏறினால், அதுவும் 'மில் தொழிலாளர் பாணி' என்ற தலைப்பில் எழுவாயற்றுத்தான் ஏறும்.

'ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை' என்பது தமிழ்ப் பழமொழி. அங்கே ஆலை என்பது கரும்பாலை. உயர்ந்தது கிடைக்காத இடத்தில் தாழ்ந்தது உயர்ந்ததன் இடத்தைப் பிடிக்கும் என்பது அதன் ஏளனப் பொருள். பருத்தி ஆலைகள் மூடப்பட்ட ஊரில் இன்று அந்தப் பழமொழி வேறொரு பொருளில் பலித்திருக்கிறது. சர்க்கரை மலிந்து கிடக்கும் நகரத்தில் இலுப்பைப்பூதான் விலையுயர்ந்த இனிப்பு. நடு இந்தியாவின் மஹுவாவும் தமிழகத்து இலுப்பையும் ஒரே மர இனத்தின் இரு வகைகள். மார்ச், ஏப்ரல் மாதங்களில் விடியலுக்கு முன்னே பூ உதிரத் தொடங்கும். சத்தீஸ்கர், ஜார்க்கண்ட், ஒடிசா, மத்தியப் பிரதேசக் காடுகளில் பெரும்பாலும் பெண்களும் சிறுவர்களும் வெயில் ஏறுமுன் அதைப் பொறுக்கி முடிக்க வேண்டும். ஒவ்வொரு பூவாகப் பொறுக்கும் வேலை. முதுகு நிமிராத வேலை. பிறகு உலர்த்த வேண்டும். சத்தீஸ்கர் அரசு 2020இல் உலர்ந்த பூவுக்கு அறிவித்த கொள்முதல் விலை கிலோவுக்கு 30 ரூபாய். பெருநகர மதுக்கூடத்தில் மஹுவா கலந்த ஒரு கோப்பைக்குப் பல நூறு ரூபாய். இலாபம் பார்ப்பது வணிகத்தின் இயல்பு. இந்த இடைவெளியைக் கண்டு அதிர்ச்சியடைவது சிறுபிள்ளைத்தனம். ஆனால் அந்த இடைவெளியை வாசகர் கண்ணிலிருந்து மறைப்பதற்கென்று ஒரு மொழி வளர்ந்திருப்பதைக் கேள்வி கேட்காமல் இருக்க முடியாது.

மஹுவாவின் சொல் வரலாற்றைப் பார்த்தால் போதும். பம்பாய் மாகாணத்தில் 1892இல் 'மௌரா சட்டம்' என்றே ஒரு சட்டம் வந்தது. பூவைச் சேகரிப்பதையும் வைத்திருப்பதையும் அது கட்டுப்படுத்தியது. மரத்திலிருந்து தானே உதிரும் பூவைப் பொறுக்கியவர்கள் கலால் துறையின் ஆவணங்களில் குற்றவாளிகள் ஆனார்கள். அன்று அவர்களுக்கு எழுவாய் இடம் தாராளமாகக் கிடைத்தது: 'இன்னார் காய்ச்சினார்', 'இன்னார் பதுக்கினார்'. 2021இல் மத்தியப் பிரதேச அரசு அதே மதுவை 'ஹெரிடேஜ்' மதுவாக விற்க வழிசெய்யப்போவதாக அறிவித்தது. கள்ளச்சாராயம் பாரம்பரியமாக உயர்ந்துவிட்டது. உயர்வு வந்த வாக்கியத்தில் காய்ச்சியவர் பெயரைக் காணோம். தண்டனைக்குரிய செயலாக இருந்தபோது செய்வினை. பெருமைக்குரியதாக ஆனபின் செயப்பாட்டு வினை.

சிறுதானியத்தின் கதையும் இப்படித்தான். அரசு ஆவணங்களில் நெடுங்காலம் அது 'கரடுமுரடான தானியம்'. இந்தியில் 'மோட்டா அனாஜ்'. 2018இல் மத்திய அரசு அதை 'ஊட்டத் தானியம்' என்று அரசிதழில் மாற்றியது. ஐக்கிய நாடுகள் அவை 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அவ்வாண்டின் நிதிநிலை உரையில் அது 'ஸ்ரீ அன்ன' ஆயிற்று. செப்டம்பர் 9ஆம் நாள் தில்லி பாரத மண்டபத்தில் ஜி20 தலைவர்களுக்கு அளிக்கப்பட்ட விருந்தின் பட்டியல், பருவ உணவகங்கள் பழக்கப்படுத்திய நடையை அரசே கையில் எடுத்ததற்குச் சான்று. தினை மொறுமொறுப்புக்குப் 'பாத்ரம்', காட்டுக் காளானோடும் சாமை மொறுமொறுப்போடும் வந்த பலா வகைக்கு 'வனவர்ணம்', குதிரைவாலிப் பாயசத்துக்கு 'மதுரிமா'. பரவலாக வெளியான அந்தப் பட்டியலில் தலைப்புகள் சமஸ்கிருதம், விளக்கங்கள் ஆங்கிலம். சாமையைக் காலங்காலமாக விதைத்தவர்கள் அதற்கு வைத்திருக்கும் 'குட்கி' முதலிய எந்தப் பெயருக்கும் அங்கே இடம் கிடைக்கவில்லை. விருந்தளித்த குடியரசுத் தலைவரோ சந்தாலி பேசும் பழங்குடியினர்.

குட்கியை விதைப்பவர்கள் யார் என்பது மறைபொருள் அன்று. மத்தியப் பிரதேசத்தின் டிண்டோரி மாவட்டத்துச் சில்பாடி கிராமத்தைச் சேர்ந்த பைகா இனப் பெண் லஹரி பாய், 150க்கும் மேற்பட்ட சிறுதானிய விதை வகைகளைத் தம் சிறிய வீட்டில் காத்துவைத்திருப்பது நாடறிந்த செய்தி. 2023 பிப்ரவரியில் பிரதமரே அவரைப் பாராட்டினார். பைகாக்கள் அந்த விதைகளை விதைத்த முறை பேவர்: காட்டின் ஒரு துண்டை வெட்டி எரித்து, சாம்பலில் விதை தூவி, சில ஆண்டுகளில் இடம் மாறுவது. ஏரால் உழுவது பூமித்தாயின் மார்பைக் கிழிப்பது என்பது அவர்கள் நம்பிக்கை. காலனிய வனத்துறை பேவரைத் தடைசெய்து, 1890இல் 'பைகா சக்' என்று ஓர் எல்லையை வகுத்து, அதற்குள் மட்டும் அதை விட்டுவைத்தது. வெரியர் எல்வின் 1939இல் பைகாக்களைப் பற்றி எழுதிய நூல் அந்த இழப்பின் பதிவும்கூட. ஒரு தானியம் இன்றுவரை பிழைத்திருப்பதற்குக் காரணம் அதை விதைத்தவர்கள் அரசின் தடையையும் மீறி அதைக் கைவிடாததுதான். உணவகப் பட்டியலில் இதற்கு நிகராக அச்சாகும் சொல் 'ஆன்சியண்ட் கிரெய்ன்'. பழங்காலத் தானியமாம்! சென்ற மழைக்கு விதைத்து இந்த மார்கழிக்கு முன் அறுத்த தானியம் எப்படிப் பழங்காலத்தது ஆகும்? விதைத்தவரை நிகழ்காலத்திலிருந்து வெளியேற்றுவதற்கு இதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

'பருவம்' என்ற சொல்லுக்கு வருவோம். எல்லாம் அதில்தான் இருக்கிறது. உணவகத்தின் பருவம் வருவதைக் குறிக்கிறது: மாம்பழம் வந்தது, பச்சைப் பட்டாணி வந்தது, குச்சி போன்ற ஃபிடில்ஹெட் சுருளிலை மலையிலிருந்து வந்தது. நடு இந்திய மலைக்காடுகளின் ஏழை வீடுகளில் பருவம் இல்லாமற் போவதையும் குறிக்கும். சென்ற அறுவடைத் தானியம் தீர்ந்து அடுத்தது விளையாத மழை மாதங்கள் பட்டினி மாதங்கள். காட்டுக் கிழங்கும் மூங்கில் குருத்தும் காளானும் கீரையும் தேடப்படுவது பெரும்பாலும் அப்போதுதான். சுவைக்காகவும் தேடுவார்கள்; எந்த மனிதரின் நாக்கையும் வயிற்றுக்கு அடிமை என்று எழுதிவிடக் கூடாது. ஆனால் தேடலின் காலத்தைத் தீர்மானிப்பது பானையின் அடி.

ஒடிசாவின் காசிப்பூர் வட்டாரத்தில் மாம்பழக் காலத்தில் கொட்டையைச் சேர்த்துவைப்பார்கள். உள்ளே இருக்கும் பருப்பை இடித்து, ஊறவைத்து, நீர் வடித்துக் கசப்பும் நஞ்சும் நீக்கி, மழைக்காலத்தில் கஞ்சியாக்குவார்கள். மழையில் நனைந்து பூஞ்சை பிடித்தால் அது ஆளைக் கொல்லும். 2001 ஆகஸ்டில் அங்கே பழங்குடியினர் பலர் இறந்தார்கள். இறப்பின் காரணத்தைச் சொல்லும் தொடர் பற்றி ஒரு பெரும் சண்டை நடந்தது. மாங்கொட்டைக் கஞ்சி குடித்ததால் இறந்தார்கள், அது அவர்களின் உணவுப் பழக்கம் என்றது அரசுத் தரப்பு. குடிப்பதற்கு வேறெதுவும் இல்லாததால் இறந்தார்கள் என்றார்கள் களத்தில் இருந்தவர்கள். 'ஆல்' என்ற ஒரே உருபு. அதன் முன்னே எந்த வினையை வைப்பது என்பதில் ஓர் அரசின் பொறுப்பு தொங்கிக்கொண்டிருந்தது. 2024 நவம்பரில் கந்தமால் மாவட்டத்தில் அதே கஞ்சியைக் குடித்த பெண்கள் இறந்தபோது அதே விவாதம், ஏறக்குறைய அதே சொற்களில் திரும்பியது. காலங்காலமாக அதே வட்டாரத்து மக்கள் பேசும் குயி, குவி மொழிகள் தமிழின் உறவு மொழிகள் என்பதைத் திராவிட மொழியியல் மாணவர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை.

இதே மாங்கொட்டைக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 2000ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் சாக்லேட்டில் கோகோ வெண்ணெய்க்குத் துணையாக ஐந்து விழுக்காடு வரை சேர்க்கத்தக்க ஆறு தாவரக் கொழுப்புகளைப் பட்டியலிட்டது. மாங்கொட்டைக் கொழுப்பு அவற்றில் ஒன்று. நடு இந்தியப் பழங்குடிகள் பொறுக்கும் சால் விதையின் கொழுப்பு இன்னொன்று. காசிப்பூர்ச் சாவுகளுக்குச் சரியாக ஓராண்டுக்கு முன். (அந்தப் பட்டியலில் 'இல்லிப்பே' என்றும் ஒரு பெயர் உண்டு. இலுப்பை என்ற தமிழ்ச் சொல்லின் வழிவந்தது அது. ஆனால் அங்கே அது குறிப்பது போர்னியோவின் வேறொரு மரத்தை. பெயர் கப்பலேறிப் போய் அயல்மரத்தில் குடியேறியிருக்கிறது.) ஒரே கொட்டை ஓரிடத்தில் உயர்தர மூலப்பொருள், ஓரிடத்தில் அறியாமையின் அடையாளம், நாளை ஏதேனும் ஒரு பருவ உணவகத்தில் 'ஜீரோ வேஸ்ட்' என்ற பாராட்டைப் பெறக்கூடிய பண்டம். மூன்று பெயர்களில் ஒன்றுகூடக் கொட்டையை உடைத்து ஊறவைத்து நஞ்சு நீக்கும் அறிவு யாருடையது என்று சொல்வதில்லை.

உணவுப் பட்டியலின் மொழியை ஆராய்வது புதிதும் அன்று. டான் ஜுராஃப்ஸ்கி 2014இல் வெளியிட்ட 'தி லாங்குவேஜ் ஆஃப் ஃபுட்' நூலில், 6,500 அமெரிக்க உணவுப் பட்டியல்களில் இருந்த 6,50,000 பண்டங்களின் விவரிப்புகளைக் கணினியால் அலசினார். விவரிப்பில் சொற்களின் சராசரி நீளம் ஓர் எழுத்து கூடினால் பண்டத்தின் விலை 18 சென்ட் கூடுவது தெரியவந்தது. பொருள் எங்கிருந்து வந்தது என்று சொல்லும் வழக்கமும் மிக விலையுயர்ந்த உணவகங்களில் மலிவானவற்றைவிடப் பன்மடங்கு அதிகம். இடப்பெயர் என்பது விலையின் ஓர் உருபாகச் செயல்படுகிறது என்று இதைக் கொள்ளலாம். இந்தியச் சிறுதட்டு உணவகங்களின் இன்றைய பட்டியலோ அதற்கும் ஒரு படி மேலே போய்விட்டது: மூன்று பெயர்ச்சொற்கள், இடையே காற்புள்ளிகள். மஹுவா, கோதுமை, வெண்ணெய். வினையே கிடையாது. முதலில் எழுவாய் போயிற்று. இப்போது பயனிலையும் போயிற்று. ஒரு தொடரில் மிஞ்சியிருப்பது செயப்படுபொருள் மட்டும். செய்தவர் என்று ஒருவரைப் பட்டியல் ஒப்புக்கொள்ளும் ஒரே இடம் அடிக்குறிப்பு. அங்கே செஃபின் பெயர் முழுதாக இருக்கும்.

பகிர்ந்துண்ணல் பற்றியும் ஒரு சொல். 'மேசைக்கு நடுவே வைத்துப் பகிருங்கள்' என்ற அழைப்பு எச்சில், ஜூட்டா என்ற சொற்கள் இன்றும் உயிரோடிருக்கும் நாட்டில் விடுதலையின் குரலாக ஒலிக்கிறது. தனிக்குவளை வைத்திருந்த சமூகத்தில் நான்கு பேர் ஒரே தட்டில் கரண்டி இடுவது சிறிய செய்தியன்று. ஆயினும் அந்த நால்வரும் வாயிலைக் கடக்கும் முன்பே வருமானத்தாலும் பெரும்பாலும் சாதியாலும் சலித்தெடுக்கப்பட்டவர்கள். சமத்துவம் மேசையின் விளிம்போடு முடிகிறது. தட்டைக் கொண்டுவந்த இளைஞர் தம் இரவு உணவை எங்கே, எந்தத் தட்டில், எத்தனை மணிக்கு உண்பார் என்பது பகிர்வுக்குள் வராது.

வரக்கூடிய மறுப்புகளில் ஒன்றே பொருட்படுத்தத் தக்கது. நகரத்தின் தேவை கூடினால் காட்டுப் பொருளுக்கு விலை கூடும், அழியவிருந்த பயிர் பிழைக்கும், ஆகவே மொழியைப் பற்றிப் பேசி வயிற்றில் அடிக்கவேண்டாம் என்பது அது. உண்மையில் சில சமையல் கலைஞர்கள் இடைத்தரகரைத் தவிர்த்து நேரே கொள்முதல் செய்கிறார்கள்; விளைவித்தவரின் பெயரை அச்சிடுபவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் இந்தச் சண்டை இல்லை. ஆனால் தேவை கூடினால் பயன் தானாகக் கீழே வடியும் என்ற நம்பிக்கைக்குச் சட்ட வரலாறு துணை நிற்காது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சிறு வனப்பொருள்களின் மேல் காட்டில் வாழ்வோருக்கு உடைமை உரிமையே தந்திருக்கிறது. மூங்கிலும் அதில் அடக்கம். ஆயினும் 1927ஆம் ஆண்டின் வனச்சட்டம் மூங்கிலை 'மரம்' என்று வரையறுத்திருந்ததால், காட்டுக்கு வெளியே தன் நிலத்தில் வளர்த்த மூங்கிலை வெட்டி எடுத்துச் செல்லவும் அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது. புல்லினத்தைச் சேர்ந்த ஒரு தாவரம் சட்டத்தின் சொல்லகராதியில் மரம் என்ற பட்டத்தைக் களைந்துகொள்ள 2017 வரை காத்திருக்க நேர்ந்தது. அப்போதும் காட்டுக்கு வெளியே விளைவதற்கு மட்டும். ஒரு சொல் தவறாக வைக்கப்பட்டால் எத்தனை வீட்டு அடுப்பு அணையும் என்பதை இதற்குமேல் விளக்கத் தேவையில்லை. மொழி விவாதம் வயிற்று விவாதமே.

இனி கல்விப்புலம். பழங்குடி அறிவு, உணவு இறையாண்மை, பூர்விக வாழ்வு என்று பகலெல்லாம் கட்டுரை வாசித்துவிட்டு, கருத்தரங்கின் இரவு விருந்துக்கு இத்தகைய உணவகம் ஒன்றில் மேசை பதிவு செய்வது பெருநகரப் பல்கலைக்கழகங்களின் வழக்கமாகி வருகிறது. அதில் ஒழுக்கக்கேடு ஒன்றுமில்லை, ஆய்வாளருக்கும் பசிக்கும். ஆனால் 'இண்டிஜினஸ்', 'ஹெய்ர்லூம்', 'டெருவார்' போன்ற சொற்கள் ஆய்விதழ்களின் வழியேதான் செய்தித்தாளுக்கும், அங்கிருந்து பட்டியல் தாளுக்கும் போய்ச் சேர்ந்தன என்பதைக் கட்டுரை வாசித்தவர்கள் அறிந்திருக்க வேண்டும். எழுவாயை நீக்கும் பழக்கமும் கூடவே போயிருக்கிறது.

மொழியியலின் கைகள் இதில் மிகப் பழைய கறையுடையவை. ஜார்ஜ் கிரியர்சன் 1890களில் தொடங்கி 1928இல் நிறைவுசெய்த இந்திய மொழியியல் அளவாய்வு, ஒவ்வொரு மொழிக்கும் ஒரே கதையை மாதிரியாக மொழிபெயர்த்து வாங்கியது. விவிலியத்தின் ஊதாரி மகன் உவமை அது. கதையின் நடுவே அந்த நாட்டில் கொடும் பஞ்சம் வருகிறது; மகன் பன்றித் தீனியால் வயிற்றை நிரப்ப ஏங்குகிறான்; முடிவில் கொழுத்த கன்றை அடித்து விருந்து. அளவாய்வு தொடங்கிய அதே பத்தாண்டில், 1896–97லும் 1899–1900லும் இந்தியாவைப் பெரும் பஞ்சங்கள் உலுக்கின. மத்திய மாகாணங்கள் மிகக் கடுமையாக அடிபட்டன. கண்ணெதிரே பட்டினி தாண்டவமாடிய ஊர்களில், பஞ்சம் வந்தது என்பதை உன் மொழியில் எப்படிச் சொல்வாய் என்று ஒருவர் கேட்டு எழுதிக்கொண்டு போயிருக்கிறார். 1906இல் வந்த முண்டா, திராவிட மொழிகளுக்கான நான்காம் தொகுதியில் கோண்டியும் குயியும் உண்டு. மாதிரிகளின் தலைப்பில் மாவட்டத்தின் பெயர் இருக்கும். கதையைச் சொன்னவரின் பெயரைப் பெரும்பாலும் காணமுடியாது. மாவட்டம் உண்டு, மனிதர் இல்லை: இது இன்றைய உணவுப் பட்டியலின் வடிவமேதான். பஸ்தர் மஹுவா, கந்தமால் மஞ்சள், டிண்டோரி குட்கி.

அந்தப் பழக்கம் கிரியர்சனோடு முடிந்துவிட்டதா என்றால், இன்றைய முனைவர் பட்ட ஆய்வேடுகளைப் புரட்டினால் தெரியும். தாவரப் பெயர்களை ஒரு மூதாட்டியிடம் வாரக்கணக்கில் கேட்டு எழுதிக்கொண்ட ஆய்வேட்டில் அவர் 'தகவலாளி 4' ஆகிறார். பெயரை மறைப்பது சிலருக்குப் பாதுகாப்பு. வனத்துறையின் வழக்கை அஞ்சுபவருக்கு அது கட்டாயத் தேவை. அவரைக் கேட்டுவிட்டு மறைப்பது நெறி. கேட்காமல் மறைப்பது வேறு. அதைத்தான் பட்டியல் எழுதுபவர்களும் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். இதற்கு எதிர்த்திசையில் எழுதப்பட்ட நூலுக்கு ஓர் எடுத்துக்காட்டு சாஹு படோளே 2015இல் மராத்தியில் எழுதிய 'அன்ன ஹே அபூர்ண பிரம்ம'. அன்னம் முழுமையான பிரம்மம் என்ற வழக்கைத் தலைகீழாக்கி, அது குறையுள்ள பிரம்மம் என்று தலைப்பிலேயே சொன்ன நூல். மராத்வாடாவின் மஹர், மாங் வீட்டு அடுப்புகளைப் பற்றி அந்த அடுப்பருகே வளர்ந்தவரே எழுதியது. 2024இல் அது ஆங்கிலத்திலும் வந்துவிட்டது. பருவ உணவகங்களின் அலமாரிகளில் அழகுக்காக அடுக்கப்படும் சமையல் நூல்களின் நடுவே அதற்கும் இடம் இருக்கலாம். அலமாரியிலிருந்து பட்டியலுக்கு அது இறங்கிவரும் தூரம் சிறியதன்று.

செய்யத்தக்கது என்ன என்று கேட்பவர்கள், பட்டியல் என்பது கலைஞரின் படைப்பு, அதில் எதை அச்சிடவேண்டும் என்று யாரும் கட்டளையிட முடியாது என்று முடித்துக்கொள்வதுண்டு. கட்டளையிட முடியும், இட்டும் ஆயிற்று. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிகளின்படி, பத்தோ அதற்கு மேலோ கிளைகள் உள்ள உணவகங்கள் ஒவ்வொரு பண்டத்தின் எதிரிலும் அதன் கலோரி அளவை அச்சிட வேண்டும். ஒவ்வாமை தரும் பொருள்களையும் குறிப்பிட வேண்டும். உண்பவரின் உடலைப் பற்றிய இரண்டு தகவல்களுக்குத் தாளில் இடம் கிடைத்திருக்கிறது. பொறுக்கியவரைப் பற்றிய மூன்று தகவல்களுக்கு அதைவிட அதிக இடம் தேவைப்படாது: பண்டத்துக்கு அவர் மொழியில் வழங்கும் பெயர், அவர் விரும்பினால் அவருடைய பெயரும் ஊரும், கிலோவுக்கு அவர் கைக்கு வந்த தொகை. பல கிளைகள் இல்லாத சிறு உணவகங்களுக்குச் சட்டத்தின் தேவையே இல்லை. பருவத்துக்கொரு முறை புதிதாக அச்சிடும் தாள்தானே. முதல் இரண்டு தகவல்களையும் சேர்க்கப் பல உணவகங்கள் மகிழ்ச்சியோடு முன்வரும். பண்டத்தின் விலையை உயர்த்தவும் அவை உதவும். மூன்றாவதைக் கேட்கும்போது என்ன நடக்கிறது என்பதைப் பார்க்க அடுத்த கருத்தரங்கின் இரவு விருந்து பொருத்தமான இடம். விளக்கம் சொல்ல வரும் பரிமாறுநரைக் கேட்டு அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம்; கொள்முதல் பதிவேடு அவர் கையில் இருப்பதில்லை. மேசை பதிவு செய்யும் மின்னஞ்சலிலேயே கேட்டுவிடலாம்.